சிரிக்க வைத்தவருக்கு இடமில்லை

மீசையை மழித்ததற்காக ஒரு மனிதனைச் சிறையில் போடுவார்களா என்று இந்த ஊர் ஸ்வீடன்காரர்கள் என்னைக் கேட்பார்கள். போடுவார்கள். ஹெஷ்மத்தைப் போட்டார்கள்.

ஈரானில், எங்கள் அன்ஸலித் துறைமுகத்தில், மீன்சந்தைக்குப் பின்னால் சலூன் வைத்திருந்தவர் அவர். புரட்சி முடிந்து, ஆட்சிக்கு வந்தவர்கள் இடதுசாரிப் பையன்களை வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்த காலம். அந்தப் பையன்களுக்கெல்லாம் மேலுதட்டை மூடுகிற மாதிரி அடர்ந்த மீசை இருக்கும். மீசையைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடலாம். அப்படி ஒருவன் ஒருநாள் பின்வாசல் வழியாக ஓடிவந்து ஹெஷ்மத்தின் நாற்காலியில் உட்கார்ந்தான். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் முழுக்க நுரையைப் பூசினார், மீசையை வழித்தார், முகத்தைத் துடைத்துவிட்டு முன்வாசல் வழியாக அனுப்பிவைத்தார். பிறகு இன்னொருவன் வந்தான், அவனுக்குப் பின் வேறொருவன். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் உள்ளே வைத்து, உள்ளங்காலில் மின்வயரால் அடித்தார்கள். வெளியே வந்தபோது அவருடைய நடையே மாறிப்போயிருந்தது. மறுபடி தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் சலூன் சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, மலை தாண்டித் துருக்கிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தார்.

என் பெயர் மலீஹே. நானும் அன்ஸலிக்காரிதான். அவருக்குச் சில வருடம் முன்பே வந்து, தங்குவதற்கு அனுமதியும் வாங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆல்டரேஷன் கடை போட்டிருந்தேன். இந்தச் சின்ன ஸ்வீடன் ஊரில் எங்கள் ஆட்கள் ஒரு நூறு பேர் இருப்பார்கள். கட்சிகள் மட்டும் ஏழெட்டு. ராஜா கட்சிக்காரன் இடதுசாரியைப் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவான். இடதுசாரிகள் தங்களுக்குள்ளேயே முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் ஹெஷ்மத்தின் சமையலறையில்தான் முடிவெட்டு. ஒருத்தன் தலைக்கு மேல் கத்திரி ஓடும்போது, அவனுடைய பரம எதிரி பக்கத்து நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருப்பான். அந்த மாதிரிச் சாதுவான மனிதர்.

சாது என்றால் சாதாரணச் சாது இல்லை. எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு, தாரோஃப் என்று பெயர். காசு நீட்டினால் கடைக்காரன் "அட, உங்ககிட்டயா வாங்குவேன்" என்பான். மூன்றாவது முறை நீட்டினால்தான் வாங்குவான். விருந்துக்குப் போனால் பசி வயிற்றைக் கிள்ளினாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் தட்டைத் தொடவேண்டும். கேட்கிறவரும் மூன்று தடவை கேட்பார். எல்லாருக்கும் முறை தெரிந்திருப்பதால் ஒருத்தரும் பட்டினி கிடப்பதில்லை. இந்த வியாதி எங்களில் பாதிப் பேருக்கு இந்தக் குளிரில் கொஞ்சம் குறைந்துபோனது. ஹெஷ்மத்துக்கு மட்டும் முற்றிப்போய் இருந்தது.

அகதியாக ஏற்பார்களா மாட்டார்களா என்று முடிவு செய்கிற அலுவலகத்தில் அவரை முதல் தடவை விசாரித்தது குன்வோர் என்ற அம்மாள். நல்ல மாதிரிதான். பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறாள். இவர் வேண்டாம் என்றிருக்கிறார், அவளும் சரி என்று தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாளாம். அப்போதே எனக்குத் தெரிந்திருந்தால் ஓடிப்போய் நடுவில் நின்றிருப்பேன்.

"என்ன கேட்டா? நீங்க என்ன சொன்னீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்று, திரும்பி வந்தவரைக் கடையில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"சிறையில உங்களைத் துன்புறுத்தினாங்களான்னு கேட்டாங்க, மலீஹே கானும்." எங்கள் மொழியில் பெண்ணுக்குக் கானும், ஆணுக்கு ஆகா என்று சேர்ப்பது மரியாதை.

"சரி?"

"சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா, என்னைவிட எவ்வளவோ பேரு கஷ்டப்பட்டிருக்காங்க, நீங்க அதையெல்லாம் கேட்டு மனசை வருத்திக்காதீங்கன்னு சொன்னேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அட கடவுளே! அப்புறம்?"

"மறுபடி கேட்பாங்கன்னு பார்த்தேன். கேட்கல. எந்த வழியா வந்தீங்கன்னு அடுத்ததுக்குப் போயிட்டாங்க."

"அவ எதுக்கு மறுபடி கேட்கணும்? அவ என்ன உங்க சம்பந்தியா? இந்த ஊர்ல ஒரு தடவைதான் கேட்பாங்க, ஹெஷ்மத் ஆகா! இல்லைன்னா இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க!"

"முன்ன பின்ன தெரியாத பொம்பளை. தேநீர் வேற குடுத்தாங்க. அவங்க முன்னாடி எப்படி என் காலைக் காட்டி..." என்று இழுத்தார். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மொழிபெயர்த்தவன் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவர் சொன்னதைச் சொன்னபடி சொல்லியிருக்கிறான். சொந்த ஊரில் தனக்குக் கொடுமை நடக்கவில்லை என்று மனுதாரரே ஒப்புக்கொண்டதாகச் சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். வக்கீல் மேல்முறையீடு போட்டார். இரண்டாவது விசாரணை வரும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

அந்தக் காத்திருப்பில்தான் சியாமக் வந்து சேர்ந்தான். ஊரில் நாடக இயக்குநராக இருந்தவன், இங்கே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நகராட்சியிடம் பணம் வாங்கி ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னான். கதை நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். சிறையில் எல்லாரையும் அடித்து விசாரித்த அதிகாரி ஒருவன் மேலிடத்துச் சண்டையில் மாட்டி, தானும் தப்பியோடி, தன்னிடம் அடிவாங்கிய கைதிகள் இருக்கிற அதே ஸ்வீடன் அகதி முகாமுக்கே வந்து சேருகிறான். கைதிகளுக்கு அவனைக் கொல்லவேண்டும் போல ஆத்திரம். ஆனால் முகாம் வாசலில் எதிரெதிரே வந்து நின்றதும் தாரோஃப் குறுக்கே வந்துவிடுகிறது. "நீங்க முதல்ல போங்க", "ஐயோ, நீங்க பெரியவங்க, நீங்க போங்க" என்று மாறி மாறி உபசாரம் நடக்க, வெளியே பனி கொட்ட, முகாம் காவல்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போகிறான்.

கைதி வேடத்துக்கு ஊரே வரிசையில் நின்றது. ஏழெட்டுக் கட்சியும் ஆளுக்கொரு வீரனை அனுப்பின. அதிகாரி வேடத்துக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. "என் கட்சி என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்றார்கள். கடைசியில் சியாமக் ஹெஷ்மத்தின் சமையலறைக்குப் போனான். இவர் ஒரு தடவை மறுத்தார், இரண்டாவது தடவையும் மறுத்தார். அவனும் நம்ம ஊர்க்காரன், எண்ணிக்கை தெரிந்தவன். மூன்றாவது தடவை கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான், இவரால் தட்டமுடியவில்லை.

உடைகளை நான்தான் தைத்தேன். அந்தச் சீருடையை அவர் போட்டுக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். நடிக்கும்போது அவர் கத்தவில்லை, முறைக்கவில்லை. கண்கட்டிய கைதியின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில், "அம்மா சௌக்கியமா? முட்டிவலி எப்படி இருக்கு? தேநீர் சூடா இருக்கா பாருங்க, ஆறிப்போயிருந்தா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அடியாளுக்குக் கண்ணைக் காட்டினார். படப்பிடிப்பில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காட்சி முடிந்ததும் அவரைக் காணோம். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில்தான் படப்பிடிப்பு நடந்தது. நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இதை விட்டுடுங்க. நான் சியாமக்கிட்ட சொல்றேன்" என்றேன்.

"வேணாம்மா. அந்தாளு இப்படித்தான் பேசுவான். என்னை அடிக்கிறதுக்கு முன்னாடி எங்க அம்மாவைப் பத்தி விசாரிப்பான். இவங்க சிரிக்கிறப்போ அவன் கொஞ்சம் சின்னவனா ஆயிடுறான். அது எனக்குப் பிடிச்சிருக்கு." வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுத்த காட்சியில் நடித்தார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் பெரிதாக வந்தது.

இரண்டாவது விசாரணைக்கு நானே அவரைத் தயார்செய்தேன். கடையைச் சாத்திவிட்டு, தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் குன்வோராக நடித்தேன்.

"அடிச்சாங்களா?"

"ஏதோ கொஞ்சம்..."

"கொஞ்சமா? எந்திரிச்சு வந்தேன்னா நானே அடிப்பேன்! திரும்பச் சொல்லுங்க. அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க."

"எதால?"

அவர் குனிந்துகொண்டார். பல தடவை கேட்டபிறகுதான் வார்த்தை வந்தது, வந்தபோது நிறுத்த முடியவில்லை. நான் அதுவரை கேட்டிராததையெல்லாம் சொன்னார். அன்று நான் வேலைக்கு எடுத்துவைத்த துணி அப்படியே கிடந்தது.

விசாரணைக்குத் துணையாக என்னையும் உள்ளே விட்டார்கள். இந்தத் தடவையும் குன்வோர்தான் விசாரித்தாள். மனிதர் கடையில் பழகியதை மறக்கவில்லை. கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னார். முடிவில் யாரும் சொல்லாமலே குனிந்து, காலணியையும் காலுறையையும் கழற்றி, பாதத்தைத் தூக்கி அந்தப் பெண்ணுக்குக் காட்டினார். எங்கள் ஊர் வழக்கத்தில் பாதத்தை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியும். "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் காட்டினார். குன்வோர் பார்த்தாள், கண்ணைத் தாழ்த்தினாள், எழுதினாள். வெளியே வந்து நான் அவர் தோளைத் தட்டி, "இனிமே கவலையில்ல" என்றேன். இந்த வாயால் சொன்னேன்.

பதில் வந்ததும் வக்கீல் எங்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாக விளக்கினார். முதல் விசாரணையில் ஒன்றும் நடக்கவில்லை என்றவர் இரண்டாவதில் இவ்வளவு சொல்கிறார், ஆகவே கதை வளர்ந்திருக்கிறது, நம்பத்தக்கதல்ல. காலில் உள்ள தழும்பு வேறு காரணங்களாலும் வந்திருக்கலாம். இதோடு விட்டிருந்தால்கூட வழக்கமான அநியாயம் என்று தொலைத்திருப்பேன். கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். தான் அனுபவித்ததாகச் சொல்லும் கொடுமையையே கேலி செய்யும் படத்தில், அதுவும் கொடுமை செய்பவனாக, மனுதாரர் விரும்பி நடித்திருக்கிறார். உண்மையில் பாதிக்கப்பட்ட ஒருவர் இப்படிச் சிரிக்கமாட்டார் என்பது அலுவலகத்தின் கருத்து.

எப்படிச் சிரிக்கவேண்டும், எப்போது அழவேண்டும் என்று அடிவாங்கியவனுக்கு இவர்கள் பாடம் எடுக்கிறார்கள்! அடக்கமாக இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. வாயைத் திறந்தால் பொய். சிரித்தால் நடிப்பு. பிறகு அந்த மனிதன் என்னதான் செய்யவேண்டும்? அங்கேயே செத்துத் தொலைந்திருக்கவேண்டும், அப்போது மட்டும் நம்பியிருப்பார்கள்.

எங்கள் ஆட்கள் மட்டும் என்ன ஒழுங்காம்? கட்சி வாரியாக ஆதரவுக் கடிதம் கேட்டு அலைந்தேன். "மீசை மழிச்சது அரசியலாம்மா? அவரு எங்க உறுப்பினர் இல்லையே" என்றான் ஒருவன். இன்னொருவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ்வளவு இயல்பா நடிக்கிறாரே, நிஜமாவே அந்தப் பக்கத்து ஆளா இருந்திருப்பாரோ?" என்றான். அந்த வாரம்தான் ஹெஷ்மத் அவனுக்கு முடிவெட்டி, காசு வாங்காமல் அனுப்பியிருந்தார். அவன் ஒரு தடவைகூடக் காசு நீட்டியது கிடையாது.

போலீஸ் வந்து ஹெஷ்மத்தைக் கூட்டிக்கொண்டு போய் விமானம் ஏற்றும்வரை காவலில் வைத்தது. நான் சியாமக்கிடம் ஓடினேன்.

"படத்தை நிறுத்து. அவரை வெளிய விடுறவரைக்கும் திரையிட மாட்டேன்னு சொல்லு."

"நகராட்சிப் பணம்க்கா. தேதி குறிச்சாச்சு. படம் வந்தா நாலு பேரு பேசுவாங்க, அவருக்கும் நல்லதுதானே?"

"நாலு பேரு பேசுறதுக்குள்ள அவரு தெஹ்ரான்ல இறங்கியிருப்பாரு!"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கும் இங்க தங்குறதுக்கு அனுமதி இன்னும் வரலைக்கா" என்றான். அதற்குமேல் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் பயம்தான்.

சனிக்கிழமை மதியம் நூலக அரங்கில் திரையிட்டார்கள். நகராட்சித் தலைவர், பத்திரிகைக்காரர்கள், தேவாலயத்துப் பெண்கள், எங்கள் ஆட்கள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. வாசல் காட்சி வந்தது. ஹெஷ்மத் சீருடையில் குனிந்து, "நீங்க முதல்ல" என்கிறார். அரங்கமே அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் குன்வோர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கைதிக்குத் தேநீர் கொடுக்கும் காட்சியில் அவள் பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்தே விட்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் நின்றேன். ஹெஷ்மத்தின் முகம் என் மேல் விழுந்து ஆடியது. "நிறுத்துங்க!" என்று கத்தினேன், எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில். "நீங்க பார்த்துச் சிரிக்கிற இந்த மனுஷன் இப்ப போலீஸ் காவல்ல இருக்காரு! செவ்வாய்க்கிழமை அவரைத் திருப்பி அனுப்பப் போறாங்க! அவரை நிஜமாவே அடிச்சாங்க! இது கதையில்ல!"

எங்கோ ஒரு கை தட்டியது. உடனே அரங்கம் முழுக்கக் கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். "பிரமாதம்! நடிகையை நேரிலேயே நிறுத்திட்டாங்களே!" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு தேவாலயத்துப் பெண் ஓடிவந்து என் கையில் பூச்செண்டைத் திணித்தாள். எங்கள் ஆட்களுக்கு நான் சொன்னது நிஜம் என்று தெரியும். அவர்களும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தட்டினார்கள். சியாமக் மட்டும் தட்டவில்லை, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பூச்செண்டை அங்கேயே போட்டுவிட்டு நேராகக் குன்வோரிடம் போனேன்.

"பாதிக்கப்பட்டவன் சிரிக்கமாட்டான்னு எழுதினீங்களே. நீங்க மட்டும் இவ்வளவு சிரிக்கலாமா?"

அவள் முகம் வெளுத்தது. "படம் நல்லா இருந்துச்சு, சிரிச்சேன். அந்த முடிவு வேற. அது விதிப்படி எடுத்தது."

"அவரு காலைப் பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன்" என்றாள். அதோடு கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவரை அனுப்பினார்கள். தெஹ்ரானில் இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். நீண்டகாலம் கழித்து வீட்டுக்கு விட்டதாக அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னாள். "கை நடுங்குதுக்கா. சவரக்கத்தியைப் பிடிக்க முடியல. சலூனை மீன் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுட்டோம்" என்றாள். அவரிடம் பேச முடியுமா என்று கேட்டேன். அவர் யாரிடமும் பேசுவதில்லை என்றாள்.

படம் நன்றாக வாழ்கிறது. பரிசு வாங்கியது. நம் நாடு அடைக்கலம் கொடுத்த மக்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் பாருங்கள் என்று பள்ளிக்கூடங்களிலும் காட்டுகிறார்கள். எனக்கு இப்போது ஸ்வீடன் குடியுரிமை. உடை தைத்தவள் என்று சென்ற மாதம் ஓய்வுபெற்றவர்களின் திரைப்படச் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். படம் முடிந்து காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண்மணி கையைத் தூக்கினார்.

"அந்த அதிகாரியா நடிச்சவர் எவ்வளவு நல்ல நடிகர்! அப்புறம் வேற எதிலும் நடிக்கலையா? இப்ப எங்க இருக்கார்?"

"அவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அனுப்பியவர்கள் என்று தனியாக யாரோ எங்கோ இருப்பதுபோல. சட்டென்று எனக்கு அது பொய்யாகப் பட்டது. இந்த ஊரில் வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன்.

"நாம அவரைத் திருப்பி அனுப்பிட்டோம்" என்றேன். "அங்க அவரை மறுபடியும் அடிச்சாங்க."

"யாரு அனுப்பினது?" என்றார் அவர், சரியாகக் கேட்காததுபோல.

"நாமதாங்க. நீங்களும் நானும்."

சங்கத் தலைவி காபி ஆறுகிறது என்று நினைவூட்டினார். அந்தப் பெண்மணி அதைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அதிகாரியாக நடித்தவருடைய முழுப்பெயர் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன்.